வயிறு இல்லாத பாம்பு

கல்லைக் கையில் எடுத்ததும் முதலில் அதன் உடைந்த ஓரத்தைத்தான் பார்ப்பேன். முகத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். வெயிலிலும் மழையிலும் காலகாலமாகக் கிடந்த கல்லின் முகம் எதைப் போல வேண்டுமானாலும் தோன்றும். ஆமை மாதிரி இருக்கும், முட்டை மாதிரி இருக்கும், சில சமயம் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரிகூட இருக்கும். உடைந்த ஓரத்துக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. உள்ளே என்ன இருக்கிறதோ அதைத்தான் காட்டும்.

நான் பெரிதாகப் படித்தவன் இல்லை. ஐந்தாம் வகுப்போடு சரி. அதிலும் பாதி தமிழ் வாத்தியாரிடம், பாதி தெலுங்கு வாத்தியாரிடம். நாராயணவனத்தில் எங்களுக்குக் கொஞ்சம் மேட்டு நிலமும் ஒரு ஜோடி மாடும் வண்டியும் இருந்தன. உழவு இல்லாத மாதங்களில் ரோட்டு வேலைக்குக் கல்லும் கிராவலும் அடிப்பேன். காலையில் பெருமாள் சன்னதியில் ஒரு கும்பிடு, அப்புறம் வண்டி. அந்த வண்டி வேலையில்தான் கல் பார்க்கிற பழக்கம் வந்தது. ஏற்றும்போது வித்தியாசமாக எது கண்ணில் பட்டாலும் எடுத்து வைக்கோலுக்கு அடியில் சொருகிவிடுவேன். வீட்டுக்குப் போனதும் கொல்லைச் சுவரோரம் வரிசையாக அடுக்குவேன்.

வீட்டில் இதற்கு மரியாதை ஒன்றும் கிடையாது. என் மனைவி ஒரு கட்டளை போட்டிருந்தாள்.

"எத்தினி கல்லு வேணா கொண்டா. சாமி மாடத்துல மட்டும் ஒண்ணும் ஏறக் கூடாது. அப்புறம் எது சாமி, எது உன் கல்லுன்னு தெரியாம நான் பூ வச்சிடுவேன்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. என்னிடம் இருந்ததிலேயே நல்ல கல் ஒன்றை ஊறுகாய் ஜாடி மேல் பாரத்துக்கு வைத்திருந்தாள். கேட்டால், "சும்மா குந்திக்கினு இருக்கறதுக்கு அதுவாச்சும் வேல செய்யட்டும்" என்பாள்.

ஆரம்பத்தில் நானும் ஏமாந்தவன்தான். நகரி மலையடிவாரத்தில் ஜல்லிக்கு உடைத்த ஒரு பாறையின் பிளந்த முகத்தில், கிணற்றுச் சுவரில் முளைக்குமே பெரணி, அந்தச் செடி கறுப்பாகப் படர்ந்திருந்தது. அவ்வளவு அழகு. துண்டில் சுற்றிவைத்து, புரட்டாசி சனிக்கிழமைக்குத் திருப்பதி போனபோது எடுத்துப்போனேன். மலையேறிப் பெருமாளைச் சேவித்து இறங்கிய பிறகு, கீழே காலேஜில் கல்லைப் பற்றிப் பாடம் நடத்துகிறவர் ஒருவர் இருக்கிறார் என்று விசாரித்துத் தேடிப்போனேன். மொட்டைத் தலையும் நாமமுமாக நின்ற என்னை ஒரு பார்வை பார்த்தார். கல்லை அதைவிடக் குறைவாகப் பார்த்தார். "இதி ஆகு காதய்யா" என்றார். இது இலை இல்லை என்கிறார். ஏன் என்று நான் கேட்பதற்குள் மணி அடித்துவிட்டது, வகுப்புக்குப் போய்விட்டார்.

அந்த ஏனை நானே தேடிக்கொண்டேன். ஊசி முனையால் சுரண்டினால் கறுப்பு கண்மை போலத் தூளாக வந்தது. கல்லின் விரிசலுக்குள் எப்போதோ நுழைந்த மண் தண்ணீர் காய்ந்து விட்ட கறை அது. நல்ல இலைக்கு நடுநரம்பு உண்டு. அதிலிருந்து இரண்டு பக்கமும் கிளைக்கிற நரம்புகளுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. கறைக்கு ஒழுங்கு கிடையாது, போன வழியெல்லாம் போகும். பிறகு நிஜமான இலைக்கல்லை ஓர் ஓடையில் எடுத்தபோது இன்னொன்றும் தெரிந்தது. கல்லை இரண்டாகப் பிரித்தால் ஒரு பாதியில் இலை மேடாக இருக்கும், மறு பாதியில் அதே இலை பள்ளமாக இருக்கும். விரலால் தடவினால் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம்.

வேர் மாதிரி முறுக்கிக்கொண்டு வயலில் கிடக்கிற வெள்ளைக் கற்களும் அப்படித்தான் நிறையப் பேரை ஏமாற்றும். எலுமிச்சம்பழத்தை நறுக்கி நாலு சொட்டு பிழிந்தால் மெல்ல நுரைக்கும். வெறும் ஓடைச் சுண்ணாம்புக்கல். உடைத்தால் உள்ளே ஓரத்திலிருந்து நடு வரைக்கும் ஒரே மாவு. மரம் கல்லானது வேறு விதம். பார்வைக்கு அழுக்குக் கல். கையில் எடுத்தால் நினைத்ததைவிடக் கனம். கத்தி பாயாது, எலுமிச்சைக்கு மசியாது. தண்ணீரில் கழுவிப் பார்த்தால் நீளவாக்கில் நார் தெரியும், வெட்டுமுகத்தில் வட்டம் தெரியும். மேலே காய்ந்தபின் எல்லாம் மறைந்து மறுபடி அழுக்குக் கல்லாகிவிடும். அதனால்தான் செம்பில் தண்ணீர் இல்லாமல் நான் கல் பார்க்கப் போவதில்லை.

உடைப்பதற்கு முன்னால் ஒரு தரம் "கோவிந்தா" என்பேன். கூட வண்டி ஓட்டுகிறவன் ஒருத்தன் கேலி செய்வான். "அதுக்குள்ள சாமி இருந்தா இன்னா பண்ணுவ?"

"இருந்தா அது என் சம்மட்டிக்குக் கீழ வந்து மாட்டுமாடா?"

இப்படி எனக்குள் ஒரு தைரியம் வளர்ந்திருந்த காலத்தில்தான் என் தங்கையின் கிணற்று விவகாரம் வந்தது.

அப்போது நாங்கள் ஆந்திர ராஜ்யம். தங்கையைக் கொடுத்த ஊர் சத்தியவேட்டுப் பக்கம். அது மதராஸ் ராஜ்யத்தில் இருந்தது. எங்கள் வீட்டிலிருந்து மாட்டுவண்டியில் ஒரு பகல் பயணம். அந்த ஊர்களெல்லாம் ஆந்திராவுக்கு வரும், திருத்தணிப் பக்கம் மதராஸுக்குப் போகும் என்று எங்கு பார்த்தாலும் எல்லைப் பேச்சாக இருந்தது. எனக்கு அந்த ஊரில் விசேஷம் அதன் ஓடை. இலைக்கல் எடுத்தேன் என்றேனே, அது அங்கேதான். தங்கையைப் பார்க்கிற சாக்கில் ஓடையைப் பார்க்கப் போகிறேன் என்று என் மனைவி சொல்லுவாள். இரண்டும் உண்மைதான்.

தங்கை வீட்டுப் பழைய கிணறு வற்றிவிட்டது. மழையும் தொடர்ந்து ஏமாற்றியது. மாப்பிள்ளை கடைசி முயற்சியாக வீட்டை ஒட்டிய நிலத்தின் கீழ்மூலையில் புதுக் கிணறு வெட்ட ஆள் வைத்தார். இதிலும் தண்ணீர் இல்லையென்றால் மாடுகளை விற்றுவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு, மதராஸில் துறைமுகக் கூலிக்குப் போவதென்று தீர்மானம் செய்திருந்தார். தங்கைக்கு அதில் மனம் இல்லை. பட்டணத்து ஒண்டுக்குடித்தனத்தில் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு குழாயடியில் சண்டை போடும் பிழைப்பு வேண்டாம் என்றிருந்தாள். மாட்டுத் தரகர் வேறு இரண்டு தரம் வந்து பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

ஒரு நாள் அந்த ஊர்க்காரர் ஒருவர் சைக்கிளில் வந்து வாசலிலேயே நின்று சொன்னார். "உன் தங்கச்சி கெணத்துல சாமி வந்துட்சு. வெட்டறத நிறுத்திட்டாங்க. உன்ன ஒடனே வரச் சொல்லுது."

"எந்தச் சாமி?"

"தெரியல. செதிலு செதிலா இருக்குது. ரத்தம் வருது."

மறுநாள் விடியும்போதே வண்டி கட்டினேன். போய்ச் சேர்ந்தபோது பொழுது சாயும் நேரம். கிணற்றைச் சுற்றி ஊரே நின்றது. வேப்பங்கொம்பு நட்டிருந்தார்கள். தேங்காய்க்கடைக்காரர் தன் கடையையே ஒரு கூடையில் தூக்கிக்கொண்டு வந்து கிணற்றோரம் உட்கார்ந்திருந்தார். வெட்டுகிற ஆட்கள் மரத்தடியில் குந்தியிருந்தார்கள். அவர்களுடைய மேஸ்திரி தெலுங்குக்காரர், நல்ல உடம்பு, பாறைக்குப் பயப்படாதவர் என்று பேர். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

நடந்தது இதுதான். அடிமண்ணில் குறுக்கே தொடைப் பருமனில் உருண்டையான ஒரு கல் கிடந்தது. கடப்பாரை பட்டு ஒரு சில்லு தெறித்தது. தெறித்த இடத்தில் மண்ணை விலக்கிப் பார்த்தால் உடம்பு முழுவதும் பாம்புச் செதில். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடி பட்ட இடத்திலிருந்து சிவப்பாகத் தண்ணீர் கசிந்தது. மேஸ்திரி கடப்பாரையை அங்கேயே போட்டுவிட்டு மேலே ஏறிவிட்டார்.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இதன் அர்த்தத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காணிப்பாக்கத்துப் பிள்ளையார் கிணறு வெட்டும்போதுதான் வெளிப்பட்டார். அங்கேயும் இரும்பு பட்டது, அங்கேயும் ரத்தம் வந்தது. நான் வருஷம் தவறாமல் போய்க் கும்பிடுகிற சன்னதி அது. போதாததற்குத் திருமலையே ஆதிசேஷனுடைய உடம்பு என்று நம்புகிறவர்கள் நாங்கள். கிணறு, செதில், ரத்தம் மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்தால் இந்தச் சீமையில் யாராக இருந்தாலும் கையெடுத்துத்தான் கும்பிடுவார்கள். வேறு ஊர்க்காரனாக இருந்தால் பாறை என்று வெட்டிப் போட்டிருப்பான்.

"அன்னா, அதி தேவுடு. நேனு முட்டனு" என்றார் மேஸ்திரி. தெய்வம், தொடமாட்டேன் என்று இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

தேங்காய்க்கடைக்காரர் எனக்கு விஷயத்தை விளக்கினார். "இந்த ஊரு ஆருதுன்னே ரெண்டு சர்க்காருக்கும் தெரியல. சாமி வந்துட்சின்னா ரெண்டு பேரும் ஓடியாருவான். ரோடு வரும், பஸ்ஸு வரும்."

"கெணறு?" என்றாள் என் தங்கை.

"கெணறு எதுக்கு? கோயிலு."

"கோயிலுக்கு வர்றவங்க கால் கழுவத் தண்ணி வேணாமா? அத எங்க வெட்டுவீங்க?"

தங்கை என்னைப் பார்த்தாள். அவள் அழவில்லை, அழுகிற ஜாதியும் இல்லை. "அண்ணா, நீ பாத்து சாமின்னு சொல்லிட்டியானா நான் சட்டி பானைய கட்டிக்கினு பட்டணம் போயிடறேன். பாக்காம சொல்றவங்க பேச்சுக்குப் போக மாட்டேன்" என்றாள்.

தெறித்த சில்லை ஒரு வாழையிலையில் வைத்து, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, பூப் போட்டிருந்தார்கள். நான் முதலில் விழுந்து கும்பிட்டேன். கும்பிட வேண்டும் என்று தோன்றினால் கும்பிடுவதில் எனக்கு எந்த யோசனையும் கிடையாது. எழுந்து, கொஞ்சம் தண்ணீர் கேட்டேன். இருந்த கொஞ்சத் தண்ணீரில் ஒரு செம்பு கொண்டுவந்து தந்தாள். நான் கல்லைக் கழுவ ஆரம்பித்ததும் கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது.

"இன்னாபா, சாமியப் போட்டுக் கழுவற?"

"அபிஷேகம்னு நெனச்சுக்கோ."

மஞ்சளும் மண்ணும் போனதும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். செதில் என்று அவர்கள் சொன்னது சாய்ந்த சதுரம் சதுரமாக, குறுக்கும் நெடுக்கும் வரிசையாக ஓடியது. பாம்புச் சட்டையை எத்தனையோ தரம் வேலியிலிருந்து எடுத்துப் பார்த்திருக்கிறேன். அதில் ஒரு செதிலின் ஓரம் அடுத்ததன் மேல் ஏறி நிற்கும், ஓடு வேய்ந்த கூரை மாதிரி. இதில் எதுவும் எதன் மேலும் ஏறவில்லை. ஒவ்வொரு சதுரத்துக்கும் தனியாக ஒரு கரை, நடுவில் சின்னக் குழி. ஒரு காலத்தில் அங்கே ஏதோ ஒன்று முளைத்து, உள்ளிருந்து சாறு இழுத்து, பிறகு உதிர்ந்துபோன தடம் அது. உடைந்த ஓரத்தில் நார் ஈரத்தோடு பளபளத்தது.

"மரம்" என்றேன்.

பின்னாலிருந்து ஒரு குரல், "இந்த மாதிரி மரத்த நீ எங்கன்னா பாத்திருக்கியா?" என்றது.

நான் மேஸ்திரியின் கையைப் பிடித்து வேலிப் பக்கம் அழைத்துப்போனேன். அங்கே ஓர் ஈச்ச மரம் நின்றது. அந்த ஊரில் ஈச்ச மரத்துக்கா பஞ்சம்? மட்டை உதிர்ந்த இடமெல்லாம் தடம் விட்டு, அடியிலிருந்து கழுத்து வரைக்கும் சாய்ந்த சதுரமாக வரிசை கட்டி நின்றது. ஈர வேட்டியால் அதையும் துடைத்தேன். அவர் கையை அதன் மேல் வைத்து, மற்றக் கையில் சில்லைக் கொடுத்தேன். இது அதே மரம் என்று நான் சொல்லவில்லை. இதன் ஜாடையில் என்றைக்கோ இருந்த ஏதோ மரம். ஜாடை மாறவில்லை.

மேஸ்திரி இரண்டையும் மாறி மாறித் தடவினார். கை ஒப்புக்கொண்டது, வாய் ஒப்புக்கொள்ளவில்லை. "சரி. ரத்தம்?" என்றார்.

அதற்கு நான் பதில் யோசித்துக்கொண்டிருக்கும்போது தங்கை வீட்டுக்குள் போனாள். முதல் நாள் கசிந்த சிவப்புத் தண்ணீரை ஒரு பித்தளைச் செம்பில் பிடித்துச் சாமி மாடத்தில் வைத்திருந்தாளாம். அதை எடுத்துவந்து எல்லாரும் பார்க்க மெதுவாகச் சாய்த்தாள். மேலே தெளிந்த தண்ணீர். கண்ணாடி மாதிரி வழிந்தது. அடியில் சிவப்பாக வண்டல் நின்றது. விரலால் தொட்டுக் கட்டைவிரலில் தேய்த்தாள்.

"ரத்தம் உறையும். இது படிஞ்சிருக்குது" என்றாள். "காவி மண்ணு அண்ணா இது. நானே பாக்காம சாமிகிட்ட வச்சிக்கினு இருந்தேன்."

சொல்லிவிட்டு வாசலுக்குப் போனாள். காலையில் போட்ட கோலம் பாதி கலைந்து கிடந்தது. குனிந்து, அந்த வண்டலைத் தொட்டு, கோலத்தைச் சுற்றி ஒரு காவிப் பட்டை இழுத்தாள். பார்த்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி, "நல்லா பிடிக்குது, எனக்குக் கொஞ்சம் குடேன்" என்றாள். அந்த ஒரு பேச்சில் பாதிக் கூட்டம் இளகிவிட்டது.

மாப்பிள்ளை மட்டும் இளகவில்லை. அவர் கெட்டவர் இல்லை. எதிலும் தப்பு வந்துவிடக் கூடாது என்று பயப்படுகிறவர். "மச்சான், எதுக்கு வம்பு? கோயில்ல பூ கேட்டுப் பாத்துடலாம்" என்றார். சிவப்புப் பூவும் வெள்ளைப் பூவும் பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் போட்டு, எது வருகிறதோ அதன்படி நடப்பது எங்கள் வழக்கம். நானே என் கல்யாணத்துக்குப் பூ கேட்டவன்.

"கேளு மாப்ள. ஆனா இன்னான்னு கேப்ப? வெட்டலாமா, வேணாமான்னு கேளு, பெருமாள் சொல்லட்டும். பாம்பா, மரமான்னு அவர்கிட்ட கேக்காத. அதப் பாக்கத்தான் நமக்குக் கண்ணக் குடுத்திருக்கார்."

"வெட்டலாம்னே வந்தாலும் யாரு எறங்குவா?" என்றார் மாப்பிள்ளை.

மறுநாள் காலையில் பூ கேட்டார்கள். வெள்ளை வந்தது, வெட்டலாம் என்று உத்தரவு. ஆனால் அவர் கேட்டது சரிதான், யாரும் இறங்கவில்லை. மேஸ்திரி என்னை நேராகப் பார்த்துச் சொன்னார். "முந்து நுவ்வு கொட்டு." முதல் அடியை நீ அடி என்கிறார். அவர் கேட்டதில் தப்பில்லை. சொன்னவன்தானே அடிக்க வேண்டும்.

தலை முழுகி நாமம் இட்டுக்கொண்டு கூடையில் உட்கார்ந்தேன். கயிற்றை விட்டார்கள். வெயில் ஏறியிருந்தது, மேலிருந்து ஒருவர் முகம் பார்க்கிற கண்ணாடியால் வெளிச்சத்தைத் திருப்பி அடிமட்டத்துக்கு விட்டார். அது என் கூடவே சுவரில் ஆடி ஆடி இறங்கியது. கீழே ஈரச் சேற்று வாசனை. நான் பெரிதாகப் பயப்படவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். சில்லைப் பார்த்திருக்கிறேன், நார் தெரிந்தது, எனக்குச் சந்தேகம் இல்லை. இருந்தாலும் முழு உடம்பையும் பார்க்காமல் அடிக்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது சுவரிலிருந்து வெளியே வந்து, கிணற்றின் குறுக்கே கிடந்து, எதிர்ச் சுவருக்குள் போனது. பார்த்த மாத்திரத்தில் எனக்கே உடம்பு சிலிர்த்தது. அவ்வளவு பாம்பு மாதிரி இருந்தது. மேலே நிற்கிறவர்களை முட்டாள் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

ஒரே ஒரு பரீட்சைதான் பாக்கி. பாம்பு எவ்வளவு பெரிதானாலும் முதுகு வேறு, வயிறு வேறு. வயிற்றில் அகலப் பட்டை பட்டையாக இருக்கும். ஊர்ந்து போவதற்காகப் பெருமாள் அப்படிப் படைத்திருக்கிறார். நான் மண்டி போட்டு, அதன் அடியிலிருந்த மண்ணைக் கையால் தோண்டினேன். முழங்கை வரைக்கும் உள்ளே விட்டு அடிப்பக்கத்தைத் தடவினேன். அங்கே பட்டையாக, வழவழப்பாக இருந்திருந்தால் கூடையில் ஏறி மேலே வந்து, நானே முதல் தேங்காயை உடைத்திருப்பேன்.

விரலுக்குச் சாய்ந்த சதுரம்தான் கிடைத்தது. அதே குழி, அதே கரை. சுற்றிலும் ஒரே மாதிரி.

மேலே பார்த்து, "மேஸ்திரி, இதுக்கு வயிறு இல்ல" என்றேன்.

"பொரண்டு படுத்துக்கினு இருக்கும்" என்று தமிழிலேயே பதில் வந்தது.

"எந்தப் பக்கம் பொரண்டாலும் முதுகாவே இருக்குதே. அந்த மாதிரி பாம்ப நீ பாத்திருக்கியா?"

மேலே யாரோ சிரித்தார்கள். "ஆதிசேஷனோட வாலா இருந்தா?" என்று மாப்பிள்ளையின் குரல் கேட்டது.

"மாப்ள, வாலு ஸ்ரீசைலத்துல இருக்குது. திருமலையில தலை. நம்ம ஊரு அவரு படுத்திருக்கற பக்கமே இல்ல."

ஏற்கெனவே கடப்பாரை பட்டு விரிசல் விட்டிருந்த இடத்தில் உளியை வைத்தேன். "கோவிந்தா" என்று சொல்லிச் சம்மட்டியால் அடித்தேன். இரண்டாவது அடியில் வாய் பிளந்தது. நாலைந்து அடியில் ஒரு துண்டு தனியாக வந்தது. வெட்டுமுகத்தில் அந்தக் கண்ணாடி வெளிச்சம் சரியாக விழுந்தது. நடுவில் மரத்தின் சோறு, அந்த மெத்தென்ற உள்ளீடு, இருந்த இடம், அதில் சிவப்பு மண் அடைத்திருந்தது. அதைச் சுற்றி வைரம் பாய்ந்த கட்டை ஒரு வட்டமாக நின்றது. நடுவிலிருந்து ஓரத்துக்கு மெல்லிய ரேகைகள் ஓடின. அந்தச் சோற்றுக் குழாய் வழியாகத்தான் காவித் தண்ணீர் கசிந்திருக்கிறது.

துண்டைக் கூடையில் வைத்து மேலே அனுப்பினேன். கயிறு ஏறியது. நான் கீழே நின்றுகொண்டு காத்திருந்தேன். மேலே வட்டமாகத் தலைகள் குனிந்திருந்தன, அவ்வளவுதான் தெரிந்தது. பிறகு தேங்காய்க்கடைக்காரர் குரல்.

"அப்போ என் தேங்காய்ங்க?"

"ஒடச்சி துன்னுங்க" என்றாள் என் தங்கை.

மேஸ்திரி அடுத்த கூடையிலேயே இறங்கி வந்தார். என் கையிலிருந்து சம்மட்டியை வாங்கிக்கொண்டு, "நீ அடிக்கற அடியில கெணறு வெட்டி முடிக்க நம்ம ரெண்டு பேரு பேரப் புள்ளைங்க வரணும்" என்றார். நான் ஏறிவிட்டேன்.

அந்தத் துண்டை ஊர்க்காரர்கள் சிலர் வேப்ப மரத்தடியில் வைத்து மஞ்சள் பூசினார்கள். நான் தடுக்கவில்லை. மரத்தைக் கும்பிடாத ஊரா எங்கள் ஊர்? அந்த வழியாகப் போகும்போது நானும் கும்பிட்டுவிட்டுத்தான் போகிறேன். வெறும் கல் என்று யாராவது சொன்னால் கோபம்கூட வரும். எனக்கென்று ஒரு சின்னத் துண்டு கொண்டுவந்தேன். அதை ஜாடி மேல் வைக்க மனைவியை விடவில்லை.

கட்டையை உடைத்து எடுத்து, அதற்கு அடியில் ஒரு முழம் வெட்டும்போது வடக்குச் சுவரிலிருந்து ஊற்று திறந்தது. ஆட்கள் கடப்பாரையைக்கூட எடுக்க நேரமில்லாமல் ஏறினார்கள். தண்ணீர் நன்றாகச் சிவந்துதான் வந்தது. கொஞ்ச காலத்துக்கு மாப்பிள்ளையின் வேட்டிகளெல்லாம் காவியேறி இருந்தன. அந்த வேட்டியோடு அவர் தாலுக்கா ஆபீசுக்குப் போனபோது, எந்த மடத்துச் சாமி என்று கேட்டார்களாம். பிறகு அந்த ஊர் ஆந்திராவோடு சேர்ந்தது. ஆபீசு மாறியது, பாஷை மாறியது. அவர்கள் வீடு மாறவில்லை.

ஊற்று திறந்த மறுநாள் நான் ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். மாட்டுத் தரகர் வந்து சேர்ந்தார். கிணற்றில் சாமி வந்து வேலை நின்றுவிட்டது என்பது வரைக்கும்தான் அவருக்குச் செய்தி போயிருந்தது. கொட்டகையில் நேராக நுழைந்து மாட்டின் கழுத்துக் கயிற்றில் கை வைத்தார்.

"கயிற விட்டுட்டு வாங்க" என்றாள் தங்கை. "வெயில்ல வந்திருக்கீங்க. தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

பெரிய லோட்டாவில் கொண்டுவந்து நீட்டினாள். அவர் வாங்கி உள்ளே பார்த்தார். "இன்னாமா இது, செவப்பா இருக்குது?"

"எங்க கெணத்துத் தண்ணி. குடிங்க."

அவர் என்னைப் பார்த்தார், மாட்டைப் பார்த்தார். பிறகு கயிற்றை விட்டுவிட்டு, இரண்டு கையாலும் லோட்டாவைப் பிடித்து, அண்ணாந்து முழுவதும் குடித்தார்.